நான்கு என்று வட்டமிட்டவன்

என் அறைத்தோழன் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவன் எதிரே இருந்தது, வாழ்க்கைத் திருப்தியை அளக்க நான் கொடுத்த, ஐந்தே வரி கொண்ட ஒரு படிவம். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. முதல் வரிக்கு 5ஐ வட்டமிட்டான், அழித்தான், 4ஐ வட்டமிட்டான். இரண்டாவதற்கும் 4. மூன்றாவது வரி, 'என் வாழ்க்கை எனக்குத் திருப்தியாக இருக்கிறது'. அங்கே 4க்கும் 5க்கும் நடுவில் பென்சில் நுனியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நடுவில் போடலாமா?"

"கூடாது. ஏதாவது ஒன்றைப் போடு."

4 என்று போட்டான். நான்காவதற்கும் 4. ஐந்தாவதற்கு 3. கூட்டினால் 19.

படிவத்தோடு வரும் விளக்கக் குறிப்பைப் புரட்டினேன். 20 என்றால் நடுநிலை. 15 முதல் 19 வரை 'சற்றே அதிருப்தி'. தினமும் இரவு மேசைப்பந்து ஆடிவிட்டு மாடிப்படி முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே ஏறி வருகிறவன், தளத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய்க் கதவைத் தட்டுகிறவன், குறிப்பின்படி அதிருப்தியாளன். அந்த நிமிடத்தில் எனக்கு அவன்மீது இரக்கம் வரவில்லை. ஆய்வேட்டுக்கு ஒரு நல்ல வரி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சிதான் வந்தது. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உளவியல் முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டு அது. பல நாட்டு மாணவர்கள் தங்கும் விடுதியில் இருந்தேன். ஜப்பான், பிரேசில், தமிழ் பேசும் மாணவர்கள் என மூன்று குழுக்களை எடுத்து, எந்தப் பண்பாட்டில் வளர்ந்த கல்லூரி மாணவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டுவது என் திட்டம். கேள்வி எளிது, கருவி தயார், ஆள்கள் பக்கத்து அறையில். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிக்கவும் செய்தேன். மூன்று சராசரிகள் கிடைத்தன: பிரேசில் மேலே, ஜப்பான் கீழே, தமிழ் நடுவே. அதற்குமேல் எழுதியவற்றில் பாதியைப் பின்னால் நானே அடித்தேன். எதை, ஏன் அடித்தேன் என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இதே தலைப்பில் இறங்குகிறவர்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

நான் பயன்படுத்தியது உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல். ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (சிறிதும் ஏற்கவில்லை) முதல் 7 (முழுமையாக ஏற்கிறேன்) வரை. ஆகக் குறைந்த மொத்தம் 5, ஆக அதிகம் 35. உலகம் முழுக்க மாணவர்களிடம் இதைக் கொடுத்திருக்கிறார்கள். பல மொழிகளில் இருக்கிறது. இது அளப்பது ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பை. அன்றாடம் வந்துபோகும் மனநிலையை அளக்க வேறு கருவிகள் உள்ளன. மகிழ்ச்சியும் வாழ்க்கைத் திருப்தியும் உறவினர்கள். இரட்டையர்கள் என்று நான் தவறாக நினைத்துவிட்டேன். ஆய்வேட்டின் தலைப்பில் ஒன்றையும் அட்டவணையில் மற்றொன்றையும் போட்டிருந்தேன். முதல் அடி அங்கே விழுந்தது.

இரண்டாவது அடி மொழிபெயர்ப்பில். ஜப்பானிய வடிவமும் போர்ச்சுகீசிய வடிவமும் ஏற்கெனவே கிடைத்தன. தமிழுக்கு நானே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தாய்மொழிதானே, ஒரு மாலைப்பொழுது போதும் என்ற மிதப்பு.

திருப்தி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கைகளில் 'திருப்திகரம்' என்று எழுதினால் என்ன பொருள்? பரவாயில்லை, தேறிவிட்டது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சாயலோடு படிக்கிறவருக்கு 'என் வாழ்க்கை எனக்குத் திருப்தியாக இருக்கிறது' என்பதை ஏற்பது சுலபம். தாழ்வான வேலியைத் தாண்டுவதுபோல. 'நிறைவாக' என்று மாற்றினேன். வேலி சட்டென்று உயர்ந்துவிட்டது. இருபது வயதில் யாருக்கு நிறைவு? வாழ்ந்து முடித்தவர்கள் பேச்சுபோல இருக்கிறது என்றாள் படித்துப் பார்த்த ஒரு மாணவி. 'சந்தோஷமாக' என்றால் நேற்றைய தேர்வு முடிவு நினைவுக்கு வருகிறது. 'நிம்மதியாக' என்றால் கடன், நோய், சண்டை எதுவும் இல்லை என்ற கணக்கு ஓடுகிறது. நான்கு சொல்லுக்கும் ஒரே மாணவி நான்கு வெவ்வேறு எண்களைச் சொன்னாள். அவளுடைய வாழ்க்கை அந்தப் பத்து நிமிடத்தில் மாறிவிடவில்லை.

நம் பேச்சில் நிம்மதிக்கு இருக்கும் மரியாதையைப் பற்றி அப்போதுதான் யோசித்தேன். உளவியலாளர் ஜீன் சாயும் சகாக்களும் 2006இல் எழுதிய ஆய்வு நினைவுக்கு வந்தது. மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்பது ஒன்று, எப்படி உணர விரும்புகிறார்கள் என்பது வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஐரோப்பிய வழி அமெரிக்கர்கள் உற்சாகம், துள்ளல் போன்றவற்றை அதிகம் விரும்ப, ஹாங்காங் சீனர்கள் அமைதியை அதிகம் விரும்பினார்கள். உற்சாகத்தை மட்டும் கேட்கும் படிவத்தை அமைதியை நாடுகிறவரிடம் நீட்டினால் அவர் கீழே நிற்பதுபோலத்தான் தெரியும்.

ஐந்தாவது வாக்கியத்தில் இன்னும் பெரிய கூத்து. 'என் வாழ்க்கையை மறுபடி வாழ முடிந்தால், ஏறக்குறைய எதையும் மாற்ற மாட்டேன்' என்று தமிழாக்கியிருந்தேன். முதலில் கொடுத்த சிலரில் இரண்டு பேர், "அடுத்த பிறவியைப் பற்றிக் கேட்கிறீர்களா?" என்றார்கள். கேட்காமலே அப்படி எடுத்துக்கொண்டு எண் போட்டவர்கள் எத்தனை பேரோ! அது போதாதென்று எதிர்மறைச் சிக்கல். 'மாற்ற மாட்டேன்' என்பதை 'ஏற்கவில்லை' என்றால் என்ன பொருள்? மாற்றுவேன் என்று பொருள். படிக்கும்போதே தலை ஒருமுறை சுற்றி நிற்கிறது. நிறைய மாற்ற விரும்பிய ஒருவர் 7ஐ வட்டமிட்டிருந்தார். விசாரித்தபோது, "ஆமாம், மாற்ற வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன்" என்றார்.

இதற்கு வழி உண்டு; பழைய வழிதான். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி மூல மொழிக்குக் கொண்டுபோக வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இலேயே எழுதிவைத்த முறை. நானும் செய்தேன். ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவர் என் தமிழுக்குப் பின்னால் நின்ற ஆங்கிலத்தை ஊகித்து, மூலத்தை அச்சு அசலாக மீட்டுத் தந்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை. மொழிபெயர்ப்பில் இருந்த ஓட்டை அப்படியே மூடிமறைந்தது. இப்போதெல்லாம் நான் இதோடு நிறுத்துவதில்லை. ஐந்தாறு பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்து, மனத்தில் ஓடுவதை அப்படியே சொல்லச் சொல்வேன். அடுத்த பிறவி போன்ற விஷயம் அப்படித்தான் வெளியே வரும். எந்த வாக்கியத்தில் கோளாறு என்று புள்ளியியல் காட்டலாம்; ஏன் என்று காட்டிக்கொடுக்காது.

சரி, அறைத்தோழனிடம் வருகிறேன்.

படிவத்தை வாங்கி வைத்த இரண்டு நாள் கழித்து, மனம் கேட்காமல், "உனக்கு இங்கே ஏதாவது குறையா?" என்று கேட்டேன். விழித்தான். படிவத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு அவன் சொன்னதை என் குறிப்பேட்டில் அன்றே எழுதிவைத்தேன். "5 போட்டால் வாழ்க்கையைப் பற்றி ஏதோ அறிவிப்புச் செய்வதுபோல இருந்தது. எனக்கு எல்லாம் சாதாரணமாக இருக்கிறது. சாதாரணமாக இருப்பது நல்லதுதானே?" ஐந்தாவதற்கு ஏன் 3 என்றேன். "எதையுமே மாற்ற மாட்டேன் என்று சொன்னால் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடாதா?"

அவன் கணக்கில் 4 என்பது நல்ல எண். என் கணக்கில் அது பாதி காலியான பாத்திரம்.

இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிவம் கொடுத்த பிறகு படித்தேன். 1995இல் சுவான்ஷெங் சென், ஷின்யிங் லீ, ஹெரால்ட் ஸ்டீவன்சன் ஆகியோர் பள்ளி மேல்வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஜப்பானிய, தைவான் மாணவர்கள் நடு எண்ணை அதிகம் தொட்டார்கள். அமெரிக்க மாணவர்கள் இரண்டு ஓரங்களையும் அதிகம் தொட்டார்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'எல்லா வேறுபாடும் வட்டமிடும் பழக்கம்தான்' என்று அடுத்த கோடிக்குத் தாவிவிடக்கூடாது. அதே ஆய்வில் இந்த வேறுபாடு பொதுவாகச் சிறியதாகவே இருந்தது. நான் தாவினேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன்.

இன்னொரு நுட்பம் ஸ்டீவன் ஹைனும் சகாக்களும் 2002இல் காட்டியது. எண் போடும்போது நாம் யாரோ சிலரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம். அந்தச் சிலர் நம்மைச் சுற்றி இருப்பவர்கள். எல்லோரும் அடக்கமாக இருக்கும் இடத்தில் 'நான் அடக்கமானவன்' என்பதற்கு 4 போடுகிறவர், ஆரவாரமான இடத்தில் 6 போடக்கூடிய ஆளாக இருக்கலாம். இரண்டு பண்பாடுகளை ஒப்பிடும்போது இந்த அளவுகோல் சத்தமில்லாமல் நழுவிக்கொள்ளும்.

மகிழ்ச்சி என்பது எல்லா இடத்திலும் கலப்படமற்ற நல்ல பொருளா என்பதே கேள்விதான். யூகிகோ உச்சிடாவும் ஷினோபு கிடயாமாவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் மகிழ்ச்சியின் இயல்புகளை எழுதச் சொன்னார்கள். அமெரிக்க மாணவர்கள் எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே நல்லவை. ஜப்பானிய மாணவர்கள் நல்லவற்றோடு, அது நிலைக்காது, பிறருடைய பொறாமையைக் கிளறும் என்பது போன்றவற்றையும் எழுதினார்கள். 'ரொம்பச் சிரிக்காதே, பிறகு அழ வேண்டிவரும்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம்மில் பலருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எண் போடுவதற்கு மாணவர்கள் எதை ஆதாரமாகக் கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கடைசிவரை சலிக்காத பகுதி. 'இந்த எண்ணை எப்படிப் போட்டாய்?' என்ற ஒற்றைக் கேள்வியோடு விடுதியின் பொது அறையில் பல இரவுகள் உட்கார்ந்தேன். பிரேசில் மாணவி ஒருத்தி, "காலையில் கண் விழிக்கும்போது எப்படி இருக்கிறதோ அதை நினைத்துப் பார்த்தேன்" என்றாள். தமிழ் மாணவன் ஒருவன் கொஞ்சம் யோசித்து, "என்னால் வீட்டில் யாருக்கும் கவலை இல்லை அண்ணா. அதனால் 6" என்றான். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதைத்தானே சொன்னேன்?" என்றான்.

அவன் சொன்னது பிசகு இல்லை. 31 நாடுகளில் 13,000க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து எட் டீனரும் மரிஸா டீனரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தன்மீதே கொள்ளும் மதிப்புக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் உள்ள பிணைப்பு, தனிமனிதனை முன்வைக்கும் நாடுகளில் இறுக்கமாகவும் குழுவை முன்வைக்கும் நாடுகளில் தளர்வாகவும் இருந்தது. யூன்குக் சுவும் டீனர், ஓயிஷி, டிரையாண்டிஸ் ஆகியோரும் 1998இல் இன்னும் பல நாடுகளுக்கு விரித்துப் பார்த்தார்கள். முதல் வகை நாடுகளில் மக்கள் தங்கள் உணர்வுகளை வைத்தே வாழ்க்கையை எடை போட்டார்கள். இரண்டாம் வகையில், 'இப்படி வாழ்வது சரி என்று மற்றவர்கள் நினைக்கிறார்களா' என்பதற்கும் ஏறத்தாழ அதே எடை இருந்தது.

ஆனால் இதை நாட்டின்மேல் ஒட்டும் முத்திரையாக்கிவிடக் கூடாது. என்னிடம் பேசிய தமிழ் மாணவர்களில் ஒருத்தி, வீட்டாரின் விருப்பத்துக்கு எதிராகப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தவள், அதற்காகவே 7 போட்டிருந்தாள். பிரேசில் மாணவன் ஒருவன் தாய்க்குப் பணம் அனுப்ப முடியவில்லை என்பதற்காக 2 போட்டிருந்தான். சராசரி ஒரு நாட்டைப் பற்றிப் பேசும். எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இனி என் அசட்டுத்தனங்களில் இரண்டு. இரண்டுக்கும் வேறு யாரும் பொறுப்பில்லை.

பிரேசில் மாணவர்களின் படிவங்களை விடுமுறை தொடங்கிய வாரத்தில் வாங்கினேன். தமிழ் மாணவர்களின் படிவங்களைப் பருவத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில். ஏன்? அப்போதுதான் ஆள் கிடைத்தார்கள். பண்பாட்டை அளந்தேனா, கால அட்டவணையை அளந்தேனா என்று நெறியாளர் கேட்டபோது சுவரைப் பார்த்தேன்.

அடுத்தது, தமிழ்ப் படிவத்தில் மட்டும் படிப்புச் சுமை, தனிமை பற்றிய கேள்விகளை வாழ்க்கைத் திருப்திக்கு முன்னால் வைத்திருந்தேன். அச்சடிக்கும்போது பக்கம் மாறிய பிழை. சின்ன விஷயமென்று விட்டுவிட்டேன். கேள்வி வரிசை என்ன செய்யும் என்பதற்கு ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராக், லியோனார்ட் மார்ட்டின், நோர்பர்ட் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1988இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு பிரசித்தம். எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்று முதலிலும், காதல் சந்திப்புகளைப் பற்றிப் பிறகும் கேட்டபோது இரண்டுக்கும் தொடர்பே இல்லை எனலாம்: -0.12 (0 என்றால் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). வரிசையை மாற்றிக் கேட்டதும் 0.66. பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய தாவல் வழக்கமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், தனிமையைப் பற்றி எட்டுக் கேள்வி கேட்டுவிட்டு வாழ்க்கை எப்படி என்று கேட்கிறவனை யார் நம்புவார்கள்? வாழ்க்கைத் திருப்திக் கேள்விகளை எப்போதும் முதல் பக்கத்தில் வையுங்கள். எல்லாக் குழுக்களிடமும் படிப்புப் பருவத்தின் ஒரே கட்டத்தில் வாங்குங்கள். அது முடியாவிட்டால் ஒப்பீட்டைக் கைவிட்டு ஒரு குழுவைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அதுவும் கௌரவமான ஆய்வேடுதான்.

நாட்கள் மிச்சம் இருந்ததால் இன்னொன்றும் செய்து பார்த்தேன். விடுதியில் சிலரை, இரண்டு வாரம், தினமும் படுக்கப் போகுமுன் அன்றைய நாளுக்கு 10க்கு ஓர் எண் போடச் சொன்னேன். கடைசி நாள், 'இந்த இரண்டு வாரம் மொத்தத்தில் எப்படி?' என்று கேட்டேன். அறைத்தோழன் தினமும் 7, 8, 7 என்று போட்டுவிட்டு மொத்தத்துக்கு 6 என்றான். பிரேசில் நண்பன் ஒருவனின் எண்கள் 3க்கும் 9க்கும் இடையே ஏறி இறங்கின. மொத்தத்துக்கு 9 என்றான். "புதன்கிழமை 3 போட்டிருக்கிறாயே?" என்றேன். "புதன்கிழமையா? என்ன நடந்தது?" என்று என்னையே கேட்டான்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஷிகேஹிரோ ஓயிஷி 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. ஐரோப்பிய வழி அமெரிக்க மாணவர்களும் ஆசிய வழி அமெரிக்க மாணவர்களும் தினசரிப் பதிவில் பெரிதாக வேறுபடவில்லை. வாரத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போதுதான் முதல் குழு மேலே போனது. அப்படியென்றால் வேறுபாட்டில் ஒரு பங்கு, நாட்களை நினைவில் அடுக்கும் விதத்தில் இருக்கிறது. படிவத்தை மட்டும் வைத்திருந்தால் இதை நான் எட்டியிருக்கவே மாட்டேன். முடிந்தவர்கள் ஒரு வார நாட்குறிப்பையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் தினம் ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசையை ஆய்வேட்டின் முன்னுரையில் போடாதவர்களே இல்லை. நானும் போட்டேன். 2012 முதல் வருகிறது. 2018இலிருந்து ஃபின்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. அது கேட்பது ஒரு கற்பனை ஏணியில் 0 முதல் 10 வரை எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று. அந்த ஏணிக் கேள்வி உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1965இல் எழுதியது. எல்லா வயதினரிலிருந்தும் மாதிரியாகத் தேர்ந்தவர்களிடம் எடுக்கும் அந்த எண்ணைக் கல்லூரி மாணவர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, 'பாருங்கள், ஒத்துப்போகிறது' என்று சொல்வதில் எனக்கு இப்போது கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. கல்லூரிக்குள் யார் வருகிறார்கள் என்பதே நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் பெரும்பாலான இளைஞர்கள், இன்னோரிடத்தில் வசதியுள்ள சிலர். இருவரையும் 'மாணவர்' என்ற ஒரே பெயரில் வரிசையில் நிறுத்துகிறோம்.

புள்ளியியல் பக்கம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு தராசின் முள் வெறும் தட்டுக்கே 2 காட்டினால், அதில் நிறுத்ததை வேறு தராசில் நிறுத்ததோடு ஒப்பிட மாட்டோம். அளவுகோல்களுக்கும் இதே சோதனை உண்டு. ஐந்து வாக்கியங்களும் எல்லாக் குழுக்களிலும் ஒரே அமைப்பில் சேர்கின்றனவா, ஒரே எடையோடு சேர்கின்றனவா, எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றனவா என்று மூன்று படியாகப் பார்ப்பார்கள். மூன்றாவது படியையும் தாண்டினால்தான் சராசரிகளை ஒப்பிட உரிமை. என் தரவு இரண்டாவதோடு நின்றது. குற்றவாளி யார் என்று தேடினால், சந்தேகமே இல்லாமல் ஐந்தாவது வாக்கியம். குழுவுக்குள் எது எதோடு தொடர்புடையது என்று பேசலாம். எந்தக் குழு மேலே என்று பேச முடியாது. ஆய்வேட்டின் மையமான வாக்கியத்தை அந்த இரவில்தான் அடித்தேன். நான்கு மாத உழைப்பு ஒரு கோட்டில் போனது.

ஏன் அந்த வாக்கியத்தின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை? யோசித்தால், விடுதிக்கு வரும் முன்பே விடையை முடிவு செய்திருந்தேன் என்று தோன்றுகிறது. வெயிலும் கடற்கரையும் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்கள் மகிழ்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? டேவிட் ஷ்கேடும் டேனியல் கானெமனும் 1998இல் இதைத்தான் சோதித்தார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களும் கலிஃபோர்னியா மாணவர்களும் தங்கள் வாழ்க்கைக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு பகுதியினருமே, கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று ஊகித்தார்கள். ஊருக்கு ஊர் வேறுபடும் ஏதோ ஒன்றில் கண்ணைப் பதித்தால், அதுவே வாழ்க்கை முழுவதையும் ஆட்டிவைப்பதாகத் தோன்றும். அங்கே வாழ்கிறவரோ பாதி நாள் வானத்தையே பார்ப்பதில்லை. துணி காயவைக்கிறார், பாடம் படிக்கிறார், யாரோடோ கோபித்துக்கொள்கிறார்.

ஆய்வுமுறைப் பாடநூல்களில் நான் அதிகம் பார்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்த படிவங்களில் சிலவற்றில் மொத்தம் 5, 6 என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் 1. பெயர் எழுத வேண்டாம் என்று நானே சொல்லியிருந்ததால் அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இந்த அளவுகோல் மனச்சோர்வைக் கண்டறியும் சோதனை இல்லை; அவசரத்தில் கிறுக்கியவர்களாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தத் தாள்களை அடுக்கில் வைத்துவிட்டுத் தூங்கப் போவது கடினமாக இருந்தது. இப்போது என்னிடம் வருகிறவர்களின் படிவத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கும். யாரிடம் பேசலாம், எந்த நேரத்தில் பேசலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த பக்கம். நெறிமுறைக் குழு கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆய்வேடு முடிந்த வாரம், அறைத்தோழன் என் பக்கம் திரும்பி, "நீ போட்டிருக்கிறாயா?" என்றான். போடவில்லை. முந்நூறு பேரிடம் நீட்டிய படிவத்தை நான் ஒருமுறைகூட நிரப்பியதில்லை. அவன் எதிரிலேயே ஆங்கிலப் படிவத்தை நிரப்பினேன்: 26. குறிப்பின்படி 'திருப்தி'. ஏதோ ஓர் ஆர்வத்தில் அடுத்த நிமிடமே தமிழ்ப் படிவத்தையும் எடுத்தேன். 'நான் விரும்பும் முக்கியமானவற்றை இதுவரை வாழ்க்கையில் பெற்றிருக்கிறேன்' என்ற நான்காவது வரியில் கை நின்றது. ஆங்கிலத்தில் அது படிப்பு, விடுதி, நண்பர்கள் என்று ஓடியது. தமிழில் படித்ததும் அப்பாவின் முகம் வந்துவிட்டது. மொத்தம் 22. குறிப்பின்படி 'சற்றே திருப்தி'. ஒரே நாற்காலி, ஒரே மாலை.

அந்த இரண்டு தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களிடம் முதல் நாளே கொடுத்து, இந்த இருவரில் யார் அதிக மகிழ்ச்சியானவர் என்று கேட்பேன். தயக்கமில்லாமல் பதில் வரும். 22 போட்டவருக்குக் குடும்பப் பாரம் இருக்கலாம் என்பார்கள், 26 போட்டவர் சுதந்திரமாக வளர்ந்தவர் என்பார்கள், கட்டுரையே எழுதிவிடுவார்கள். போன ஆண்டு ஒரு மாணவி மட்டும் பதில் சொல்லவில்லை. இரண்டு தாள்களையும் சன்னல் பக்கம் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சார், எல்லா வட்டமும் ஒரே இடத்தில் மூடாமல் நிற்கிறதே," என்றாள்.